அஞ்சு வருஷம் கழிச்சு பழைய பேண்டில் வாசிக்கப் போறீங்களா?



"நம்ம ஸ்கூல் ஆண்டு விழாவுல பழைய மாணவர்கள் சார்பா நம்ம பேண்டு வாசிக்கணுமாம். வர்றியா?"

போன பொங்கல் லீவுக்கு முன்னாடி எனக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. எங்க ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்போடு கலைந்துபோன பேண்டு அது. நான் கிடார். அதன்பிறகு கிடாரைத் தொட்டே அஞ்சு வருஷம் ஆகிவிட்டது. இப்படி ஒரு அழைப்பு உங்களுக்கும் ஒரு நாள் வரலாம். எது மறந்திருக்கும், எது மறந்திருக்காது, எங்கே சொதப்பும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. நாங்க சொதப்பித்தான் கத்துக்கிட்டோம்.

கை மறக்காது, தோல் மறந்துவிடும்

முதல் நாள் கிடாரை எடுத்தபோது கார்டுகளின் பெயர் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஆனால் பாட்டைப் போட்டுவிட்டதும் விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. இதற்குக் காரணம் இருக்கிறது. நடந்ததை நினைவில் வைப்பதும், செய்யும் திறமையை நினைவில் வைப்பதும் மூளையில் ஒரே இடத்து வேலை அல்ல.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பிறகு புதிதாக நடக்கும் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரைய வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தின நாள் வரைந்ததோ அவருக்கு ஞாபகமே இல்லை!

அதனால் கவலைப்படாம எடுங்க, கை வழிகாட்டும். ஆனா விரல் நுனியில் அன்று காய்ச்சுப்போயிருந்த தோல் இப்போது இருக்காது. முதல் நாளே மூணு மணி நேரம் வாசித்தால் மறுநாள் தட்டைத் தொட்டுச் சாப்பிட முடியாது. தினமும் 20 நிமிஷம் போதும்.

பாடுறவனின் கட்டை இறங்கியிருக்கும்

ஒன்பதாம் வகுப்பில் 5 கட்டையில் பாடியவன் இப்போது 1 கட்டையில்தான் நிம்மதியாகப் பாடுகிறான். பருவ வயதில் ஆண்களின் குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். பழைய ஸ்கேலிலேயே பாடச் சொல்லி அவன் தொண்டையைக் கெடுக்காதீங்க.

கீபோர்டுக்குப் பிரச்சினை இல்லை, டிரான்ஸ்போஸ் பட்டன் உண்டு. கிடாருக்கு? கேப்போ போட்டால் ஸ்ருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. ஆனால் ஒரு வழி இருக்கு. 5 கட்டை என்பது ஜி, 1 கட்டை என்பது சி. ஜியிலிருந்து ஏழு அரைச்சுரம் இறங்கினாலும் சி, அஞ்சு அரைச்சுரம் ஏறினாலும் சி. ஆகவே ஐந்தாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு, பழைய ஜி, சி, டி பிடிகளையே பிடிக்கலாம். கை கற்றுவைத்தது வீணாகாது.

ஆன்லைன் ரிகர்சல் வேண்டாம்

நாலு பேரும் நாலு ஊர்க் காலேஜில் இருந்ததால் வீடியோ காலில் ஒத்திகை பார்த்தோம். பாட்டு போகப் போக மாட்டுவண்டி மாதிரி மெதுவானது. என்ன நடக்கிறது என்றால், உங்க சத்தம் எனக்குத் தாமதமாக வருகிறது. நான் உங்களுக்காகக் கொஞ்சம் பொறுக்கிறேன். என் சத்தமும் உங்களுக்குத் தாமதமாக வருவதால் நீங்களும் பொறுக்கிறீர்கள். இப்படியே இழுத்துக்கொண்டே போகும். 25, 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே சேர்ந்து வாசிப்பது கஷ்டம். இன்டர்நெட் காலில் தாமதம் பெரும்பாலும் அதைவிட அதிகம். ப்ளூடூத் ஸ்பீக்கரும் இதே வேலையைத்தான் செய்யும், வயர் போட்ட ஸ்பீக்கரே நல்லது.

கீபோர்டு ரிதம் போதுமா?

இங்கேதான் நாங்க பெரிய தப்பு செய்தோம். எங்க டிரம்மர் பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிக்கவில்லை, ஊரில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறான். குரூப்பில் அவன் நம்பரே இல்லை. யாரும் வேணும்னு விடலை. ஆனா யாரும் தேடவும் இல்லை. "கீபோர்டுல ரிதம் போட்டுக்கலாம்டா" என்று முடித்துவிட்டோம்.

ஊருக்கு வந்து நேரில் வாசித்தபோது ஓடவில்லை. பாடுறவன் ஒரு வரியை இழுத்தால் மெஷின் நிற்காது. மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் காலத்தை மற்றவர் கேட்டுத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். மெஷின் சொல்லும், ஆனால் கேட்காது. நம்ம பாடத்து மொழியில் சொன்னால், ஃபீட்பேக் இல்லாத ஓப்பன் லூப்.

கடைக்குப் போய் அவனைக் கூப்பிட்டோம். "காலேஜ் பசங்க சேர்ந்து வாசிங்கடா, நான் மைக் செட் போட்டுத் தர்றேன்" என்றான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "உன்னைக் கேக்காம ஆரம்பிச்சது தப்புதான்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் சாயங்காலம் ஸ்டிக்கோடு வந்து நின்றான்.

மேடையில் பத்து மீட்டர்

விழா மேடை பெரிசு. டிரம்ஸ் பின்னால், நாங்க முன்னால், நடுவில் சுமார் பத்து மீட்டர். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால் பத்து மீட்டருக்கு 29 மில்லி விநாடி. இந்தக் கணக்கைப் பரீட்சையில் போட்டவன் நான். மேடையைப் பார்த்ததும் "எல்லாரும் டிரம்ஸ் பக்கத்துல வாங்கடா, மானிட்டரை உங்க காலடியில வைக்கிறேன்" என்றவன் அவன்.

ரெண்டாவது பாட்டில் நான் நுழைய வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். அதே தாளத்தை இன்னும் ஒரு சுற்று சுற்றினான். நான் உள்ளே வந்தேன். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆக, உங்களுக்கும் அழைப்பு வந்தால்: புதுக் கம்பி மாட்டுங்க. பாடுறவனிடம் கட்டையைக் கேளுங்க. தெரிந்த பாட்டு மூணு மட்டும் எடுங்க. நேரில் நாலு நாளாவது உட்காருங்க.

அதற்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை. பள்ளியில் எடுத்த பழைய பேண்டு போட்டோவையும் வாட்ஸ்அப் குரூப்பின் பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. போட்டோவில் இருக்கிற எல்லாரும் குரூப்பில் இருக்காங்களா?