வீட்டுக் காருக்கு ‘வேகக் காம்’ பொருத்தலாமா?

2016ஆம் ஆண்டு மார்கழி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் கராஜுக்கு ஒரு தகப்பனும் மகனும் வந்தார்கள். ஒரே காரில் வந்தார்களே தவிர, ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகனின் கையில் உதிரிப்பாகங்களின் விலைப்பட்டியல். தகப்பனின் கையில் கார்த் திறப்பு. அதை அவர் விடுவதாக இல்லை.

“அண்ணை, இவன் எஞ்சினைக் கழட்டப் போறானாம். நீங்களே கேளுங்கோ.”

“எஞ்சினைக் கழட்டேல்லை அங்கிள். காம்ஷாஃப்ற் மட்டும் மாத்தப் போறன். 20 குதிரைவலு கூடுமாம்.”

கார் 1998ஆம் ஆண்டின் ஹொண்டா சிவிக் எஸ்.ஐ., இரண்டு கதவு. கனடா வந்து மூன்று வருடமான ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஒன்றுதான் வாகனம். தகப்பன் ஏஜென்சி மூலம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் வேறொருவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். காலையில் தாய் அதே காரில் சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். மாலையில் மகன் அதே காரில் பீற்சா கொண்டுபோய்க் கொடுப்பான். காம்ஷாஃப்ற் வாங்கச் சேர்த்த காசு அவனுடைய சொந்த உழைப்பு.

மகன் கேட்டதில் பிழை இல்லை. தகப்பன் பயந்ததிலும் பிழை இல்லை. இந்த வாக்குவாதம் எம்மவர் வீடுகள் பலவற்றில் நடப்பதால், அன்று அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

காம்ஷாஃப்ற் என்ன செய்கிறது?

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் உண்டு. பெற்றோலும் காற்றும் ஒன்றினூடாக உள்ளே வரும். எரிந்த புகை மற்றதினூடாக வெளியே போகும். இந்த வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்வது காம்ஷாஃப்ற். கிராங்க்ஷாஃப்ற் இரண்டு சுற்றுச் சுற்றும்போது இது ஒரு சுற்றுச் சுற்றும். அதில் முட்டை வடிவில் இருக்கும் மேடுகள்தான் வால்வைத் தள்ளுகின்றன. மேடு உயர்ந்தால் வால்வு கூடத் திறக்கும். மேடு அகன்றால் அதிக நேரம் திறந்திருக்கும்.

கோயில் மண்டபம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சனம் ஓடி ஓடி வந்தால் வாசலை அதிக நேரம் திறந்து வைப்பதில் பலன் உண்டு. பின்னால் வருபவர்கள் முன்னால் நிற்பவர்களை உள்ளே தள்ளிவிடுவார்கள். சனம் ஆறுதலாக நடந்து வரும்போதும் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால், உள்ளே வந்தவர்களே திரும்பி வெளியே வந்துவிடுவார்கள். எஞ்சினிலும் இதுதான். வேகமாகச் சுழலும்போது காற்று வந்த வேகத்திலேயே சிலிண்டர் நிறையும். மெதுவாகச் சுழலும்போது மேலே வரும் பிஸ்ரன் அந்தக் காற்றை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும்.

ஆகவே ‘வேகக் காம்’ வலுவைப் புதிதாக உண்டாக்கித் தருவதில்லை என்றே சொல்லலாம். கீழ்ச் சுழற்சியில் இருப்பதில் கொஞ்சத்தை எடுத்து மேல்ச் சுழற்சியில் வைக்கிறது. அந்த மேல்ச் சுழற்சிக்கு நீங்கள் போவீர்களா என்பதுதான் கேள்வி.

இரண்டு சிவிக், ஒரு கணக்கு

மகனுக்கு நான் காட்டிய கணக்கு இது. அவர்களுடைய சிவிக்கின் 1.6 லீற்றர் எஞ்சின் 6,600 சுழற்சியில் 127 குதிரைவலு தரும். அதன் உச்ச முறுக்குவிசை 5,500 சுழற்சியில் 107 அடி-றாத்தல். 1999, 2000ஆம் ஆண்டுகளில் கனடாவில் விற்ற சிவிக் எஸ்.ஐ.ஆர். காரிலும் 1.6 லீற்றர் எஞ்சின்தான். அது 160 குதிரைவலு. இளைஞர்கள் வாயூறும் கார். ஆனால் அதன் முறுக்குவிசை எவ்வளவு? 111 அடி-றாத்தல். வித்தியாசம் வெறும் நாலு!

அப்படியானால் மிச்ச 33 குதிரைவலு எங்கிருந்து வந்தது? முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் குதிரைவலு வரும். எஸ்.ஐ.ஆர். எஞ்சின் தன் 111ஐ 7,000 சுழற்சியில் எட்டி, 7,600 வரை ஏறக்குறைய விடாமல் பிடித்துக்கொள்கிறது. அவர்களுடைய எஞ்சின் அதற்கு முன்னரே களைத்துவிடுகிறது. எஸ்.ஐ.ஆருக்கு இரட்டைக் காம்ஷாஃப்ற், கூடிய அமுக்கம், அந்தச் சுழற்சியைத் தாங்கும் ஸ்பிறிங் எல்லாம் ஹொண்டாவே சேர்த்துக் கொடுத்தது. கூடிய வலு முழுவதும் மேலேதான் இருக்கிறது. 401 நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் 100 கிலோமீற்றரில் போகும்போது எஸ்.ஐ. காரின் முள் 3,000க்குக் கீழேதான் நிற்கும்.

தகப்பனுக்கு இதை வேறு விதமாகச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் ஓடிய கைகள் அவருடையவை. 948 சி.சி. மொறிஸ் மைனருக்கு 37 குதிரைவலுதான். ஆனால் அதன் முறுக்குவிசை 50 அடி-றாத்தலும் 2,500 சுழற்சியிலேயே வந்துவிடும். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டும் மூன்றாம் கியரில் இழுத்துப் போனது அதனால்தான். அதன் உள்வால்வு திறந்திருப்பது 230 பாகை. இரண்டு வால்வும் ஒருமித்துத் திறந்திருப்பது 15 பாகை மாத்திரம். குடும்பத்துக்கென்று வெட்டிய காம்ஷாஃப்ற் அது.

“அப்ப மொறிஸ் மைனர்தான் நல்லம்” என்றார் தகப்பன், மகனைப் பார்த்து.

“அது நல்லம் எண்டு சொல்லேல்லை அண்ணை. அது தன்ரை வேலைக்குப் பொருத்தம்” என்றேன்.

ஒரு வாரக் கொப்பி

அன்று நான் எந்தப் பாகத்தையும் ஓர்டர் பண்ணவில்லை. மகனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தேன். “ஒரு கிழமைக்கு, கார் நிண்டதும் எழுது. முள் எத்தனை தரம் 5,000ஐத் தாண்டிச்சு? கூடுதலான நேரம் எங்கை நிண்டது? அப்பாவும் அம்மாவும் ஓடேக்கையும் கேட்டு எழுது.”

காம்ஷாஃப்ற் தெரிவு செய்ய விரும்பும் எவருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான். விலைப்பட்டியலுக்கு முன் கொப்பி. ஓட்டோமற்றிக் கார் என்றால் இது இன்னும் முக்கியம். அந்தக் கியர்ப்பெட்டி தாழ்ந்த சுழற்சியிலேயே காரைக் கிளப்பப் பார்க்கும். பெரிய காம் அங்கேதான் சோர்ந்து நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை கொப்பி வந்தது. ஏழு நாளில் முள் 5,000ஐத் தாண்டியது இரண்டே தரம். இரண்டும் 401இல் ஏறும்போது, மகன் ஓடியபோது. தகப்பன் 3,500ஐத் தாண்டவே இல்லை.

பட்டியலை வாசிக்கும் முறை

கொப்பி கையில் இருந்தால் பட்டியலை வாசிப்பது சுலபம். குதிரைவலு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, எந்தச் சுழற்சியிலிருந்து எந்தச் சுழற்சி வரை வேலை செய்யும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். நீங்கள் நாள்தோறும் ஓடும் சுழற்சி அதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்தது, திறந்திருக்கும் பாகை. ஒரு கொம்பனி வால்வு அசையத் தொடங்கியதிலிருந்து அளக்கும். இன்னொன்று 1 மில்லிமீற்றர் உயர்ந்த பிறகு அளக்கும். அமெரிக்கக் கொம்பனிகள் பல 0.050 அங்குலத்தில் அளக்கும். ஒரே காம் ஒரு முறையில் 270 என்றும் மற்ற முறையில் அதைவிட மிகக் குறைவாகவும் தெரியும். ஒரே அளவுமுறையில் உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, இரண்டு வால்வும் ஒருமித்துத் திறந்திருக்கும் நேரம். உள்ளும் வெளியும் 270 பாகையாகவும், இரு மேடுகளின் நடுவே 110 பாகையும் இருந்தால் இது 50 பாகை வரும். நடுவே 114 பாகை என்றால் 42 ஆகக் குறையும். மொறிஸ் மைனரின் 15உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நாளாந்தக் காருக்கு இந்த எண் கூடக் கூட, நின்ற இடத்தில் எஞ்சின் குலுங்கும்.

நான்காவது, வால்வின் உயரம். உயரம் கூடினால் பழைய ஸ்பிறிங் போதாது. வால்வு பிஸ்ரனில் முட்டாதா என்றும் பார்க்க வேண்டும். பிஸ்ரனின் மேல் களிமண் வைத்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, நசிந்த களியின் தடிப்பை அளப்பது பழைய முறை. உள்வால்வுக்கு 2 மில்லிமீற்றர், வெளிவால்வுக்கு 2.5 மில்லிமீற்றர் இடைவெளியாவது வேண்டும்.

ஹொண்டா வீரெக் எஞ்சினில் ஒரு வசதி உண்டு. கீழ்ச் சுழற்சிக்கு ஒரு மேடும், 5,000ஐத் தாண்டிய பிறகு இன்னொரு பெரிய மேடும் வேலை செய்யும். ஆகவே பெரிய மேட்டை மட்டும் கூட்டி, கீழ்ச் சுழற்சி மேட்டைக் கொம்பனி அளவுக்குக் கிட்டவே வைத்திருக்கும் காமைத் தேடுங்கள். வீட்டுக் காருக்கு அதுதான் பொருந்தும்.

குளிரும் பிறேக்கும்

பெரிய காம் போட்ட எஞ்சின் நின்று ஓடும்போது, எரிந்த புகையில் ஒரு பகுதி திரும்ப உள்ளே இழுபடும். இதனால் உள்ளிழுக்கும் குழாயின் வெற்றிட இழுவை குறையும். அந்த இழுவையால்தான் உங்கள் பிறேக் மெதுவாக மிதித்தாலும் பிடிக்கிறது. இழுவை குறைந்தால் பிறேக் கல்லுப்போல் இறுகும். அதே இழுவையை அளந்துதான் ஹொண்டாவின் கணினி பெற்றோலைக் கணிக்கிறது. அளவு பிழைத்தால் தேவைக்கு மேல் பெற்றோலை ஊற்றும். கணினியைத் திரும்ப ஒழுங்குபடுத்தும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சைபருக்குக் கீழே 20 பாகை குளிரில், விடியப்புறம் வேலை முடிந்து வரும் மனிதனுக்கு முதல் திறப்பிலேயே ஸ்ராட் பிடிக்கும் எஞ்சின்தான் வேண்டும்.

சட்டமும் காப்புறுதியும்

காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதிக் கொம்பனிக்கு முதலே அறிவியுங்கள். மறைத்தால், விபத்து நடந்த அன்றுதான் அதன் விலை தெரியும். ஒன்ராறியோவில் சாதாரணக் கார்களுக்கான புகைச் சோதனை 2019 சித்திரையில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழற்றுவது இன்றும் குற்றம். ஜேர்மனியில் புகையையோ சத்தத்தையோ மோசமாக்கும் மாற்றம் காரின் ஓட்ட அனுமதியையே இல்லாமல் செய்யும். பரிசோதித்துப் பத்திரத்தில் பதிய வேண்டும். பிரித்தானியாவில் வருடாந்தச் சோதனையில் புகையையும் அளப்பார்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஒன்ராறியோவில் தெருவில் பந்தயம் ஓடிப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே ஓட்டுநர் அனுமதி 30 நாளுக்கும் கார் 14 நாளுக்கும் பறிபோகும். எல்லை 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வீதியில் 40 கூட ஓடினாலே அந்தச் சட்டத்துக்குள் அகப்படுவீர்கள். கார் யாருடையது என்று அவர்கள் பார்ப்பதில்லை. அப்பாவின் வேலையும் அந்தக் காரோடு சேர்ந்து போகும்.

கடைசியில் என்ன நடந்தது?

கொப்பியைப் பார்த்த பிறகு வால்வு மூடியைத் திறந்தேன். இந்த எஞ்சினில் வால்வு இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். பல வருடமாக ஒருவரும் தொடவில்லை. வெளிவால்வுகள் இறுகிக் கிடந்தன. ரைமிங் பெல்ற்றில் வெடிப்பு. அது அறுந்திருந்தால் வால்வுகள் பிஸ்ரனில் அடித்து எஞ்சினே போயிருக்கும். காமுக்குச் சேர்த்த காசில் ஒரு பகுதியை மகன் தானாகவே அதற்குக் கொடுத்தான். பெல்ற், தண்ணீர்ப் பம்ப், பிளக், வால்வு இடைவெளி எல்லாம் முடிந்து வெளியே ஓடிப் பார்த்தபோது, “அங்கிள், இது வேற கார் மாதிரி இருக்கு” என்றான். அது வேறு கார் அல்ல. ஹொண்டா செய்த கார் திரும்பி வந்திருந்தது.

2018இல் அவனுக்கென்று ஒரு பழைய சிவிக் வாங்கினான். கொப்பி எழுதினான். காப்புறுதிக்கு அறிவித்தான். மெல்லிய காம் ஒன்றைத் தெரிவு செய்து, ஸ்பிறிங்கோடு என்னிடம் கொண்டுவந்தான். பொருத்தி முடிந்த அடுத்த நாள் காலை நல்ல குளிர். திறப்பைத் தகப்பனிடம் கொடுத்து, “அப்பா, நீங்கள் ஸ்ராட் பண்ணுங்கோ” என்றான்.

ஒரே திறப்பில் பிடித்தது. தகப்பன் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

“கொஞ்சம் முனகுது. ஆனா நிக்கேல்லை” என்றார்.