உங்களுக்குத் தெரியுமா? மணலும் மலையும் பார்த்த வண்டி

சென்னைத் தயாரிப்பான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 சந்தைக்கு வந்தது 2016-இல். 2023-இல் 452 சிசி புது ஹிமாலயன் வந்ததும் பழையது நின்றுபோனது. இனி செகண்ட் ஹேண்டுதான்.

முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. பெரிய சக்கரம் குழியில் எளிதில் விழாது, கல்லில் எளிதில் முட்டி நிற்காது, ஏறிப் போய்விடும். தாருக்கும் காட்டுப்பாதைக்குமான ‘டூயல் ஸ்போர்ட்’ வண்டியின் சூட்சுமம் இதுதான். குமரி மாவட்டத்தில் காலையில் தேங்காய்ப்பட்டணத்துக் கடற்காற்று, மதியம் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துச் செம்மண். ஒரே வண்டி போதும். (கடற்கரை மணலில் மட்டும் இறக்காதீர்கள். கிட்டத்தட்ட 200 கிலோ. புதைந்தால் தூக்க ஆள் தேட வேண்டும்.)

கடலோரத்தில் ஓடிய வண்டியா? விலை பேசும் முன் குனிந்து பாருங்கள். ஸ்போக்ஸ் ரிம்மோடு சேரும் முனை, சைலன்சரின் அடிப்பாகம், செயின்: உப்புக்காற்று முதலில் கடிப்பது இங்கேதான். ஃபிரேமில் மட்டும் புதுப் பெயின்ட் மினுங்கினால் நான் வாங்க மாட்டேன்.

கேரள எல்லை தாண்டி வந்த ‘கே.எல்.’ வண்டி என்றால், அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. (படிவம் 28) கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள்.