உங்களுக்குத் தெரியுமா? பெலொப்ஸின் தந்தத் தோள்

மகன் பெலொப்ஸை வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்கே விருந்து வைத்தான் மன்னன் தாண்டலஸ். மகளைப் பிரிந்த துக்கத்தில் இருந்த டெமீட்டர் தேவி, கவனிக்காமல் தோள்பட்டையைத் தின்றுவிட்டாள். பிறகு பையனை உயிர்ப்பித்தபோது தந்தத்தால் தோள் செய்து பொருத்தினார்கள். இது பழைய கிரேக்கக் கதை.

கி.மு. 476 ஒலிம்பிக் குதிரைப் பந்தயத்தில் வென்ற சிராக்யூஸ் மன்னன் ஹியரோனைப் பாடிய கிரேக்கக் கவிஞர் பிண்டார், இதை ஒப்புக்கொள்ளவில்லை. தேவர்களாவது, நரமாமிசம் உண்பதாவது! கடல் தேவன் போசைடன் ஆசைப்பட்டுப் பையனைத் தூக்கிப் போனார். ஆளைக் காணோம் என்றதும் பொறாமைபிடித்த அக்கம்பக்கத்தார் கட்டிவிட்ட வதந்தியே அந்த விருந்து என்கிறார்.

ஆனால் மறுப்பதற்கு முன்பே, விதிதேவதை குளோத்தோ தந்தத் தோள் மின்ன அவனைக் கொப்பரையிலிருந்து எடுத்ததாகவும் பாடிவிடுகிறார். வெட்டவே இல்லையென்றால் தந்தம் எப்படி வந்தது? அது சமையல் கொப்பரை அல்ல, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிய பாத்திரம்; தோள் பிறவியிலேயே அப்படி என்பது ஒரு விளக்கம். கேட்பவர்களுக்குத் தெரிந்த கதையை முதலில் நினைவூட்டி, பிறகு கவிழ்க்கிறார் என்பது இன்னொன்று. இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

பெலொப்ஸின் தோள் எலும்பு என்று ஒன்றைக் கிரேக்கர்கள் போற்றி வைத்திருந்தார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியஸ் எழுதும்போது அது மறைந்துபோயிருந்தது.