தனி அறைக்குத் தனிச் சோடி வயர்

மாதர் நிலையம் ஒன்றில் நடந்தது இது. முன்மேசையில் ஒரு தொலைபேசி, ஆற்றுப்படுத்தல் அறையில் இன்னொன்று. காணாமற்போன கணவரைத் தேடும் பெண்ணொருவர் அழைப்பெடுத்து ஆற்றுப்படுத்துநரிடம் மனம்விட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார். இடையில் 'டக்' என்றொரு சத்தம். முன்மேசையில் இருந்தவர் தெரியாமல் றிசீவரைத் தூக்கிவிட்டார். அந்தப் பெண் பேச்சை நிறுத்திக்கொண்டார். பிறகு அவர் அழைக்கவேயில்லை.

முன்மேசைப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வயரை மிச்சம் பிடிப்பதற்காக, உள் அறைத் தொலைபேசிக்கும் முன்மேசைச் சொக்கற்றிலிருந்தே வயர் இழுத்திருந்தார்கள். அப்படி இழுத்தால் இரண்டும் ஒரே இணைப்புத்தான். ஒன்றில் கதைப்பது மற்றதில் கேட்கும். இத்தனைக்கும் அங்கே பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது!

வெளியிலிருந்து வரும் ஒன்றிரண்டு இணைப்புகளை அறைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதே அந்தப் பெட்டியின் வேலை. 3 வெளி இணைப்பும் 8 உள் இணைப்பும் உள்ள பெட்டி சிறிய அலுவலகத்துக்குத் தாராளம். அறைக்கு அறை கதைக்கக் காசில்லை. ஆனால் ஒவ்வொரு தொலைபேசிக்கும் பெட்டியிலிருந்தே தனிச் சோடி வயர் போகவேண்டும்.

சாதாரணத் தொலைபேசிக்கு இரண்டு கம்பி போதும். 8 கம்பிக் கேபிளில் நீலம், செம்மஞ்சள், பச்சை, கபிலம் என நான்கு சோடிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு வெள்ளைக் கம்பி. ஆகவே ஒரு கேபிளில் நான்கு தொலைபேசிகள். சோடியைப் பிரித்து, நீலக் கம்பியோடு பச்சையின் துணையைச் சேர்த்துவிடாதீர்கள். வேலை செய்வது போலத்தான் இருக்கும். ஆனால் பக்கத்து அறைப் பேச்சு மெல்லக் கேட்கத் தொடங்கும். எந்தச் சோடி எந்த அறைக்கு என்று எழுதிப் பெட்டியின் உள்ளே ஒட்டிவையுங்கள். 230 வோல்ற் மின்வயரோடு சேர்த்துக் கட்டவேண்டாம். இரைச்சல் வரும், ஆபத்தும் உண்டு.

கை வைக்குமுன் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, வெளி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். மணி அடிக்கும்போது அந்த மெல்லிய கம்பியிலும் உதறும் அளவுக்கு மின் வரும். இடிமழை நாட்களிலும் இரண்டையும் கழற்றிவைப்பது நல்லது.

இன்னொன்று. சில பெட்டிகளில், ஒருவர் கதைக்கும்போது மேலதிகாரி இடையில் நுழையும் வசதி இருக்கும். ஆற்றுப்படுத்தல் அறையின் எண்ணுக்கு அதைத் தடுத்துவைக்கும்படி பொருத்த வருபவரிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் செய்து தரமாட்டார்கள்.

மின்தடையில் பெட்டியும் நின்றுவிடும். முதலாவது வெளி இணைப்பை ஒரு தொலைபேசிக்கு நேரே கொடுக்கும் பெட்டிகளும் உண்டு. செப்புக் கம்பி இணைப்பாக இருந்தால் இது கைகொடுக்கும். அந்தத் தொலைபேசி எந்த அறையில் இருக்கவேண்டும் என்பதை முதலே தீர்மானியுங்கள்.

அந்த நிலையத்தில் பின்னர் இரண்டு பெண்களே ஒரு பின்னேரத்தில் புதிய சோடியை இழுத்து முடித்தார்கள். ஒருவர் உள் அறையில் கதைக்க, மற்றவர் முன்மேசை றிசீவரைத் தூக்கிப் பார்த்தார். டயல் தொனி மட்டுமே கேட்டது.