படகை எங்கே இறக்குவது?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் நடைதூரம்தான். ஏதாவதொரு ஒழுங்கையில் இறங்கினால் மரைன் டிரைவ். அதைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கு அப்பால் கருங்கற் குவியல், அதன் பின் அலை. கையில் துடுப்பும் மீன்வலையும் இல்லாமல், ட்ரெய்லரில் ஒரு சிறிய பாய்ப்படகை இழுத்துக்கொண்டு வருபவருக்கு இந்த இடம் ஒரு புதிர். கடல் கண்முன்னே கிடக்கிறது. ஆனால் 1877இல் பாணந்துறை வரை நீண்ட கரையோர ரயில் பாதையைக் கடந்து படகைத் தண்ணீரில் இறக்க வழியில்லை. கொழும்பில் படகு இறக்க இடம் தேடிப் புறப்பட்டால், சக்கரமும் சரிவும் காற்றும் அலையும் சேர்ந்து போடும் ஒரு கணக்கு மெல்ல மெல்ல விரியும்.

முதலில் படகு. வீட்டு வாசலில் நிற்கக்கூடிய பாய்ப்படகு என்ற எண்ணமே ஒப்பீட்டளவில் புதியது. 1949இல் இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த ஜி.பி. 14 என்ற படகு இலங்கைப் பாய்ப்படகோட்டிகளுக்கு நன்கு பழக்கமானது. நீளம் 4.27 மீற்றர், உடற்பகுதியின் எடை 133 கிலோ. இருபது ஆண்டுகள் கழித்து, 1969இல், கனடாவின் இயன் புரூஸ், காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகக்கூடிய ஒரு படகு வேண்டுமென்று புரூஸ் கெர்பியிடம் தொலைபேசியில் கேட்டார். பேசிக்கொண்டே கெர்பி கிறுக்கிய படம்தான் லேசர் படகாகியது. அதன் உடல் எடை 59 கிலோ. ஒரு மனிதரின் எடை. உலகெங்கும் இரண்டு இலட்சத்துக்கு மேல் கட்டப்பட்ட அந்தப் படகு 1996 முதல் ஒலிம்பிக்கிலும் ஓடுகிறது.

இவ்வளவு இலேசான படகு காற்றில் கவிழாமல், பக்கவாட்டில் வழுக்கிப்போகாமல் ஓடுவது எப்படி? பெரிய பாய்க்கப்பல்களுக்கு அடியில் நிலையான, கனமான அடிக்கட்டை உண்டு. அதை ட்ரெய்லரில் ஏற்றினால் படகு மாடிவீட்டு உயரத்தில் நிற்கும். சிறிய படகில் அதற்குப் பதிலாக நடுப்பலகை இருக்கிறது. படகின் நடுவிலுள்ள பிளவு வழியே கீழே இறக்கி, வேண்டியபோது மேலே தூக்கிவிடலாம். பாய் மிகப் பெரியது, பலகை மிகச் சிறியது. ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே சில சாண் அகலப் பலகை, லேசரின் 7 சதுர மீற்றர் பாயைத் தள்ளும் காற்றுக்கு ஈடுகொடுக்கிறது. கவிழாமல் காப்பது ஓட்டுபவரின் உடல் எடை. அவர் படகுக்கு வெளியே சாய்ந்து தொங்குவது அதற்காகவே.

சற்றுப் பெரிய படகுகளில் இன்னொரு தந்திரம். அமெரிக்காவின் மெக்ரெகர் 26 எக்ஸ் போன்ற படகுகளின் அடியில் ஒரு வெற்றுத் தொட்டி இருக்கும். தண்ணீரில் இறங்கியதும் அடைப்பைத் திறந்தால் 600 கிலோவுக்கும் மேற்பட்ட தண்ணீர் அதற்குள் புகுந்துகொள்ளும். படகு சாயும்போது, மேலே எழும் பக்கத்துத் தண்ணீர் நீர்மட்டத்துக்கு மேல் வரப் பார்க்கும். உடனே அதன் எடை படகை நிமிர்த்தும். கரையேறும்போது தொட்டியைக் காலிசெய்துவிடலாம். அந்தப் பாரத்தை வீதியில் இழுக்கவே தேவையில்லை. இந்த வகைப் படகுகளின் அகலம் பெரும்பாலும் இரண்டரை மீற்றருக்குள் அடங்கிவிடுவதும் தற்செயலல்ல. பல நாடுகளின் வீதிச் சட்டம் வாகனங்களுக்கு அனுமதிக்கும் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். படகின் இடுப்பளவைக் கடலைவிட நெடுஞ்சாலைதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது.

இனி இழுப்பது. ட்ரெய்லரின் முன்முனை காரின் கொக்கியை அழுத்தும் எடைக்கு மூக்குப்பாரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் ஐந்து முதல் பத்து வீதம் வரை அது இருக்கவேண்டும். 300 கிலோ என்றால் 15 முதல் 30 கிலோ. மாட்டு வண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். ட்ரெய்லரில் விளைவு இன்னும் மோசமானது. அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால், வேகம் ஏற ஏற ட்ரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் அடுத்ததைப் பெருக்கும். இறுதியில் வாலே காரைத் திருப்பிவிடும். மருந்து எளியது: நங்கூரத்தையும் சாமான்களையும் முன்னால் நகர்த்தினால் போதும்.

வீதியில் ஓடிவந்த சக்கரம் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு அதைக் கடலில் இறக்கினால், சக்கரக் குடத்துக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, உப்புத்தண்ணீர் அடைப்பின் இடுக்கால் பெயாரிங்குக்குள் உறிஞ்சப்படும். சில வாரங்களில் துரு. சிறிய படகுக்காரர்கள் இதற்குக் கண்ட வழி அழகானது: ஒரு வண்டிக்கு மேல் இன்னொரு வண்டி. கீழே வீதிக்கான சக்கரச் சட்டம். மேலே படகைத் தாங்கிய கைவண்டி. கரைக்கு வந்ததும் கைவண்டியை மட்டும் உருவித் தண்ணீருக்குள் தள்ளுவார்கள். வீதிச் சக்கரம் உப்பைத் தொடுவதேயில்லை.

பாய்மரம் தனிக் கதை. லேசரின் பாய்மரம் இரு துண்டுகள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நிமிர்த்தினால் ஆறு மீற்றரைத் தாண்டும். அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மேலே பார்த்து, மின்கம்பி எதுவுமில்லாத இடத்தில் மட்டுமே அதை நிமிர்த்தவேண்டும். தண்ணீரிலிருந்து வந்ததும் முதல் வேலை அதைச் சாய்ப்பது. கொழும்பின் ஒழுங்கைகளில் தலைக்குமேல் தொங்கும் கம்பிகளை நினைத்தால், படகோட்டிக்கு மிக ஆபத்தான இடம் கடல்தானா என்ற சந்தேகம் வரும்.

வெளிநாட்டிலிருந்து படகைக் கொண்டுவருவதென்றால்? இருபதடிக் கொள்கலனின் உள்நீளம் சுமார் 5.9 மீற்றர், அகலம் 2.35 மீற்றர். 4.2 மீற்றர் லேசர் அதற்குள் வசதியாகப் படுக்கும். பாய்மரத் துண்டுகள் ஒவ்வொன்றும் நான்கு மீற்றருக்குக் குறைவு என்பதால் அவையும் கூடவே வரும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படகுகளை அடுக்கவும் முடியும். கொள்கலன் வந்திறங்குவது கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், கொழும்புத் துறைமுகத்தில். வேடிக்கை என்னவென்றால், தண்ணீரின் விளிம்புக்கே வந்த படகை அங்கே தண்ணீரில் இறக்க முடியாது. அது கப்பல்களுக்கான, காவல் போட்ட நீர்நிலை. படகு மறுபடி சக்கரமேறி நகரத்துக்குள் வந்தாகவேண்டும்.

அந்தத் துறைமுகமே ஒரு பாடம். 1875இல் வேல்ஸ் இளவரசர் முதற்கல் நாட்ட, 1885இல் முடிந்த தென்மேற்கு அலைதடுப்பு அணைதான் கொழும்பைத் துறைமுகமாக்கியது. அதற்கு முன்னர் தென்மேற்குப் பருவத்தில் பெரிய கப்பல்களே திறந்த கடலில் தத்தளித்து நின்றன. ஆயிரக்கணக்கான தொன் கப்பலுக்கே சுவர் தேவைப்பட்ட கரையில் 59 கிலோப் படகு என்ன செய்யும்?

இழுத்துப்போவதும் கொள்கலனில் ஏற்றுவதும் போக, படகைக் கொண்டுபோகாமலே வெளிநாட்டில் ஓட்டுவது மூன்றாவது வழி. பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளருமான ரே விஜேவர்தன 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில், பசிபிக் கரையிலுள்ள அக்கபுல்கோவில், அன்றைய சிலோனுக்காக ஃபின் வகைப் படகை ஓட்டினார். அந்தக் காலத்தில் ஃபின் போட்டிக்குரிய படகுகளை நடத்தும் நாடே கொடுக்கும்; யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். செலவும் மிச்சம், படகால் வரும் ஏற்றத்தாழ்வும் இல்லை.

இப்போது தண்ணீரின் விளிம்புக்கு வருவோம். படகு வண்டியைவிட்டு மிதந்து எழும்ப, வண்டியின் உயரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் ஆழம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு ஒன்று என்ற சரிவுள்ள கொங்கிறீற்று இறங்குதளத்தில் ஐந்து மீற்றர் தள்ளினால் அந்த ஆழம் வந்துவிடும். இருபதுக்கு ஒன்று என்ற தட்டையான மணற்கரையில் 12 மீற்றர் தள்ளவேண்டும். அதற்குள் சக்கரம் மணலில் புதையும். சரிவு மிகச் செங்குத்தானால் பாசியில் கால் வழுக்கும், காரால் மீண்டும் இழுத்தெடுக்க முடியாது. எட்டுக்கு ஒன்றை ஒட்டிய சரிவுகள் பல நாடுகளில் வழக்கமானதற்கு இதுவே காரணம்.

இதில் இலங்கைக்கு ஒரு பேரதிர்ஷ்டம் உண்டு. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் பெரிய நாட்களில்கூட அறுபது, எழுபது சென்ரிமீற்றர்தான். அதே எட்டுக்கு ஒன்று தளத்தில் தண்ணீர் விளிம்பு ஐந்தாறு மீற்றர் மட்டும் முன்பின் நகரும். பிரித்தானியாவின் பிரிஸ்டல் கால்வாயில் வித்தியாசம் 12 மீற்றரையும் தாண்டுவதுண்டு. அங்கே அதே விளிம்பு நூறு மீற்றர் ஓடிப்போகும். காலையில் இறக்கிய படகை மாலையில் ஏற்ற வந்தால் சேறுதான் எதிர்கொள்ளும். அங்கே நேரம் பார்த்துத்தான் கடலுக்குப் போகவேண்டும். இங்கே கடிகாரம் தேவையில்லை, பருவம் பார்த்தால் போதும்.

பருவம் பார்க்காவிட்டால் என்ன நடக்கும்? அலை எப்போது உடையும் என்பதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது அலை குப்புற விழும். ஒரு மீற்றர் அலை, சுமார் 1.3 மீற்றர் ஆழத்தில் உடையும். ஓர் ஆளின் மார்பளவுத் தண்ணீர். படகைப் பிடித்துக்கொண்டு, சுக்கானை மாட்டி, நடுப்பலகையை இறக்கக் காத்திருக்கும் இடம் மிகச் சரியாக அதுதான். பலகை இறங்காதவரை படகு பக்கவாட்டில் வழுக்கும்; ஆழம் வராதவரை பலகையை இறக்க முடியாது. இந்த இக்கட்டுக்குள்தான் அலை வந்து விழுகிறது.

மீனவர் இதை வேறுவிதமாகத் தீர்த்தார்கள். நீர்கொழும்பில் இன்றும் காணக்கூடிய தெப்பங்களுக்கும் தமிழகக் கரையின் கட்டுமரங்களுக்கும் பக்கச்சுவரே இல்லை. உள்ளே தண்ணீர் தேங்க இடமில்லாதபோது அலை நிரப்புவதற்கும் எதுவுமில்லை. வேலை முடிந்ததும் கட்டுமரத்தைக் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்துவந்து கரையில் உலரவைக்கலாம். உலர்ந்தால் மறுநாள் நன்றாக மிதக்கும். ட்ரெய்லர் என்ற பேச்சே இல்லாமல் வீட்டுக்கு வரும் கடற்கலம் அது.

வெள்ளவத்தைக்காரருக்கு நடைமுறை விடை தெற்கே இருக்கிறது. காலி வீதியால் மொறட்டுவைப் பக்கம் இறங்கினால் பொல்கொடை வாவி. இலங்கையின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் வாவியாகச் சொல்லப்படுவது இது. அலை உடையாது, வற்றுப்பெருக்கு பெரிதாகத் தெரியாது. சிலோன் மோட்டார் யொட் கிளப் இதன் கரையில்தான் இயங்குகிறது. ரே விஜேவர்தன பிற்காலத்தில் வேந்தராக இருந்த மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் இந்த வாவியின் அருகேதான் உள்ளது. வாவி பாணந்துறையில் கடலைச் சேர்கிறது. ஆனால் அங்கே ரயில் பாலமும் வீதிப் பாலமும் குறுக்கே நிற்பதால், நிமிர்த்திய பாய்மரத்தோடு நேராகக் கடலுக்குப் போய்விடலாம் என்று எண்ணக்கூடாது.

கடல்தான் வேண்டுமென்றால், தீவின் வடிவமே உதவிக்கு வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குச் சோளகம் வீசும். மேற்குக் கரை கொந்தளிக்கும், திருகோணமலைப் பக்கம் அமைதியாகும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கு வாடை. அப்போது கிழக்கு கொந்தளிக்கும், மேற்கு அடங்கும். இதை நன்கு அறிந்த நீர்கொழும்பு மீனவர் பலர் பருவத்துக்கேற்பக் கிழக்குக் கரைக்கு இடம்பெயர்ந்து தொழில் செய்வது பழைய வழக்கம்.

சக்கரத்தின் முழுப் பெருமை இங்கேதான் தெரியும். நான்கு மீற்றர் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை போடுகிறது. தான் எழுப்பும் அலையைத் தாண்டிச் சறுக்கி எழும் வேளைகளைத் தவிர்த்தால், மணிக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். கொழும்பிலிருந்து தேவேந்திரமுனையைச் சுற்றித் திருகோணமலைக்குக் கடல்வழியாகச் சுமார் 600 கிலோமீற்றர். இரவுபகல் நிற்காமல் போனாலும் ஏறக்குறைய மூன்று நாட்கள். வீதியால் சுமார் 260 கிலோமீற்றர். விடியற்காலையில் வெள்ளவத்தையில் கொக்கியை மாட்டினால், மத்தியானச் சாப்பாட்டை நிலாவெளியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளுக்குள்ளும் காற்று மாறும். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும்; நண்பகலுக்குப் பின் திசை புரண்டு கடற்காற்றாகும். பாய் விரித்த மீன்பிடிக் கலங்கள் முதற்காற்றில் போய் இரண்டாவதில் திரும்பின. புதியவரை ஏமாற்றுவதும் அந்த முதற்காற்றுதான். கரையோரம் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் வெளியே போகப்போக அது படகை இன்னும் வெளியே தள்ளும்.

ஆகவே படகு வைத்திருப்பவர்களுக்கும், என்றாவது ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கும் இவ்வளவுதான். முதலில் பொல்கொடையில் பழகுங்கள். சோளகத்தில் கிழக்கே போங்கள், வாடையில் மேற்கே நில்லுங்கள். திருகோணமலை உட்துறைமுகத்தில் கடற்படைத் தளம் உண்டு. எங்கே இறக்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள். மின்கம்பிக்குக் கீழே பாய்மரத்தை நிமிர்த்தாதீர்கள். உயிர்காப்புச் சட்டையைக் கரையிலேயே அணிந்துகொள்ளுங்கள். எந்தக் கரையானாலும் இறங்குமுன் அங்குள்ள மீனவர் ஒருவரிடம் இன்றைய காற்றைப் பற்றிக் கேளுங்கள். அவர் தன் வள்ளத்தை அன்று கரையில் ஏற்றி வைத்திருந்தால், உங்கள் படகும் ட்ரெய்லரிலேயே இருக்கட்டும்.