தரைக்கு எண்ணெய், துணிக்குத் தீ!

மாணவர்களே, பலகைத் தரைக்குச் சிலர் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். இந்த எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மரத்துக்குள்ளேயே கெட்டியாகிறது.

அப்படியானால் சமையலறையில் இருக்கும் செம்பனை எண்ணெயைப் பூசலாமா? கூடாது. அதில் இரட்டைப் பிணைப்புகள் குறைவு. கெட்டியாகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும்.

தரையைக் கூட்டியபின், நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீரை வாளியோடு ஊற்றினால் மரம் உறிஞ்சி உப்பும், பலகை வளையும். காரம் மிகுந்த சலவைத்தூளும் வேண்டாம். காரம் எண்ணெய்ப்பூச்சைச் சிதைத்துவிடும்.

மறுபடி எப்போது பூசுவது? தரையில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. உள்ளே இறங்கி மரம் கறுத்தால் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பூசி முடித்ததும்தான் பெரிய ஆபத்து. எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். ஆக்சிஜனேற்றம் வெப்பத்தை வெளிவிடும் வினை. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளலாம். அதனால் துணியை வீட்டுக்கு வெளியே, மடிப்பில்லாமல் விரித்துக் காயவிடுங்கள். நன்கு விறைத்த பிறகே வீசுங்கள்.