நான்கு பாதங்களில் நான்கு பருவம்

போன சித்திரையில் ஒரு நாள், வெயில் தாழ்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்கே என் நாய் மணியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினேன். தார் ரோட்டைக் கடக்கும்போது அவன் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கினான். பிடிவாதம் பிடிக்கிறான் என்று கயிற்றை இழுத்தேன். பூங்கா வாசலில் வேப்பமர நிழலைக் கண்டதும் படுத்தவன் எழவே இல்லை. மறுநாள் பார்த்தால் பாதத்தின் கறுப்புத் தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது.

அன்றிலிருந்து, நடந்துவிட்டு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து டார்ச் அடித்து அவனுடைய நான்கு பாதங்களையும் விரித்துப் பார்க்கிறேன். எங்கள் தாராபுரத்தில் இப்போது என்ன பருவம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கோடை: புறங்கையை ரோட்டில் வையுங்கள்

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106 டிகிரியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் நாய்க்கும் பொறுக்காது. மாசிக் கடைசியிலிருந்து ஆனி பிறக்கும்வரை காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுவது நல்லது. மாலையில் ஏழு மணிக்கு மேல் போகலாம். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தார் அவ்வளவு சீக்கிரம் விடாது. மூக்கு சப்பையான பக் நாய்க்கும், பனிநாட்டு ரோமத்தோடு நம் ஊருக்கு வந்து சேர்ந்த ஹஸ்கிக்கும் இன்னும் கவனம் வேண்டும்.

அளவுக்கு மீறி இரைத்தாலும், எச்சில் கெட்டியாக ஒழுகினாலும், நடை தள்ளாடினாலும் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். கொஞ்சம் தெளிந்துவிட்டான் என்று வீட்டுக்குத் திரும்பாமல் நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஆடிக் காற்று: நெருஞ்சியும் ஊசிப்புல்லும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் நம் பக்கம் காற்றாலைகளையெல்லாம் சுற்ற வைக்கிறது. மழையை மலையே வாங்கிக்கொள்கிறது. நமக்கு வருவது புழுதி. கண் சிவந்து நீர் வடிந்தால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள். மறுநாளும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அமராவதி ஆற்றங்கரையில் ஒரு நாள் மணி நொண்டினான். சுளுக்கு என்று நினைத்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்து, "ஏனுங் தம்பி, காலைத் தூக்கிப் பாருங்க. நெருஞ்சி ஏறியிருக்கும்" என்றார். விரல் இடுக்கில் முள் முழுசாகப் புதைந்திருந்தது. ஊசிப்புல் இன்னும் மோசம். அதன் முனை ஒரே திசையில் முன்னேறும். காதுக்குள்ளோ மூக்குக்குள்ளோ போய்விட்டால் தானாக வெளியே வராது. நாய் ஓயாமல் தலையை உதறினால் காதை மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

ஐப்பசி மழை: உண்ணியும் தேங்கிய தண்ணீரும்

உண்ணி வருஷம் முழுக்க இருக்கும். மழை பெய்து புல் மண்டினால் கூடுதல். காது மடிப்பு, கழுத்துப் பட்டையின் அடி, விரல் இடுக்கு ஆகியவை அது ஒளியும் இடங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளுக்கும், சிலசமயம் மூக்கில் ரத்தம் வரும். உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுக்க வேண்டும்.

தேங்கிய தண்ணீரை நாய் நக்க விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், காலில் புண்ணோடு அதில் இறங்கும் நமக்கும் வரும். நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பாதங்களைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள்.

மார்கழியில் வயதான நாய்க்கு மூட்டு பிடிக்கும். வெயில் வந்தபின் கூட்டிப்போனால் போதும்.

கயிறும் ஊசியும்

காங்கயம், வெள்ளக்கோவில், தாராபுரம் வட்டாரங்களில் பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்கள் கடித்துக் கொன்று, விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடியதை நாம் பார்த்தோம். ஆட்டை இழந்தவருக்கு எந்த நாயைக் கண்டாலும் வயிறு எரியத்தான் செய்யும். அதனால் "என் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்லி யாரும் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

மூன்று மாதக் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷாவருஷம். இதில் சமரசமே கிடையாது. வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. ஆனால் நாய் கடித்தவுடன் செய்ய வேண்டியதைச் செய்தால் தடுத்துவிடலாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்; ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். நமக்குப் பக்கத்து மலையில், குன்னூரில், 1907-ல் பாஸ்டர் நிலையம் தொடங்கியதே இந்த நோய்க்கு மருந்து செய்யத்தான்.

பூங்காவில் நாயின் கழிவை அப்படியே விட்டு வருவது குழந்தைகளுக்குச் செய்யும் கெடுதல். கொக்கிப்புழு அந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும். ஒரு காகிதப் பை போதும்.

நடப்பவரின் பாதம்

வேக நடை போன்ற மிதமான உடலுழைப்பு வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் வாசலில் நின்று வாலாட்டும் ஒரு நாய் இருந்தால் அந்தக் கணக்கு தானாக நிறைந்துவிடும். முதல் பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, பிறகு அதை மோப்பம் பிடிக்க விடுங்கள். மோப்பம் அதற்குச் சாப்பாடு மாதிரி.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நாயைக் கூட்டிப்போகக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் கிழித்தாலும் தெரியாது; சின்னக் காயம் புண்ணாகிவிடும். என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் மணியின் பாதங்களைப் பார்த்து முடித்ததும் அதே டார்ச்சோடு அப்பா பக்கம் திரும்புவேன். "எனக்கென்னடா" என்பார், காலை நீட்டிவிடுவார். போன வாரம் அவர் குதிகாலில் ஒரு நெருஞ்சி முள் இருந்தது. செருப்பைத் துளைத்து ஏறி எத்தனை நாள் ஆகியிருந்ததோ, அவருக்குத் தெரியவே இல்லை.